ஒற்றைக்கைக் கொண்டை

லிஃப்ட்காரருக்கு வலது கை போனபோது வயது நாற்பத்திரண்டு. அதற்கு முன் இருபது வருடம், அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், புறாக்கள் மட்டும் வந்துபோகிற மோட்டார் அறைகளில் லிஃப்ட் பழுதுபார்த்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தில் அவருடைய கையுறையின் நுனி மாட்டிக்கொண்டது. கூட வேலை பார்த்த கூட்டாளி ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்துவதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டது. முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடை மிச்சம் வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

அதன்பிறகு இரண்டு வருடம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்றால், அதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்று பொருள். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. கடை திறக்கும் நேரத்துக்குள் அவருக்குப் பற்பசை பிதுக்கிவைத்து, சட்டைப் பொத்தான் போட்டு, மதியச் சாப்பாட்டை ஒரு கையால் அள்ளத் தோதாக நறுக்கி மூடிவைத்துவிட்டு ஓடுவாள். பொத்தான் போடும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவர் மின்விசிறியைப் பார்ப்பார். நான்கு பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? அவருக்கு மட்டும் அது ஒரு யுகமாக நீளும்.

ஒருநாள் அவளுக்குக் கடும் காய்ச்சல். போர்த்திப் படுத்துவிட்டாள். ஏதாவது சூடாகக் குடிக்கக் கொடுக்கலாம் என்று லிஃப்ட்காரர் சமையலறைக்குள் போனார். ஒரு வெங்காயத்தை நறுக்க வேண்டும், அவ்வளவுதான். கத்தியை வைத்தால் வெங்காயம் உருண்டது. தாடையால் அமுக்கிப் பார்த்தார், கண் எரிந்தது. வயிற்றால் மேடையோடு சேர்த்து அணைத்துப் பார்த்தார், குதித்துக் கீழே விழுந்து அடுப்படி மூலைக்கு ஓடியது. தரையில் மண்டிபோட்டு அதைத் துழாவிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்குள்ளிருந்த மெக்கானிக்குக் கோபம் வந்தது. ஒரு பொருள் ஆடுகிறது என்றால் அதைப் பிடித்துவைக்க வேண்டும். பிடிப்பதற்குக் கைதான் வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

காய்கறி நறுக்கும் பலகையை ஸ்டூலில் கவிழ்த்து, துருப்பிடிக்காத இரண்டு ஆணிகளைச் சுவரில் அடிப்பதுபோல் அதில் அடித்தார். ஆணியை நிறுத்திப் பிடிக்க ஒரு துண்டு சோப்பு உதவியது. பலகையைத் திருப்பினால் இரண்டு முனைகள் எழுந்து நின்றன. வெங்காயத்தை அதில் குத்தினார். அது அசையவில்லை.

"என்னங்க சத்தம்?" என்று உள்ளேயிருந்து ஈன சுரத்தில் கேட்டாள் மனைவி.

"ஒண்ணும் இல்ல. நீ படு. வெங்காயத்த அறைஞ்சு வெச்சிருக்கேன்."

அன்றைய சூப் உப்புக் கரித்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

அதற்குப் பிறகு அவர் தன் வீட்டைப் பழுதான லிஃப்டைப் போலப் பார்க்க ஆரம்பித்தார். எது எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது? கிண்ணம் நழுவுகிறதா, அடியில் ஈரத்துணி. பொத்தானுக்கு, கைப்பிடி வைத்த ஒரு கம்பி வளையம். செருப்புக்கடையில் வார் இழுக்கிற ரப்பரை வாங்கி ஷூ நாடாவுக்குப் பதில் கோத்தார். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது இதையெல்லாம் வாய்போக்கில் சொல்ல, அங்கே உடற்பயிற்சி தருகிற அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இத நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கறீங்களா?" என்றார்.

அப்படித்தான் லிஃப்ட்காரர் வாத்தியார் ஆனார். முன்பு வங்கிக் கிளையாக இருந்த ஒரு தரைத்தளத்தில் வகுப்பு. கை கால் விழுந்தவர்கள், கண் போனவர்கள், எதையும் நிதானமாகக் கற்றுக்கொள்கிறவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் வருவார்கள். இரண்டு அடுப்பு, ஒரு தொட்டி, ஒரு கட்டில், ஆறு விதப் பூட்டு பொருத்திய ஒற்றைக் கதவு, மரத்தில் செய்த இரண்டு பேருந்துப் படிகள். இவ்வளவுதான் பள்ளிக்கூடம். அவர் போட்ட விதியும் ஒன்றுதான். முதல் நாளே சொல்லிவிடுவார்.

"கேட்டா கை குடுப்பேன். கேக்காம குடுக்க மாட்டேன். எங்கிட்ட இருக்கறதே ஒண்ணு."

எல்லோரும் சிரிப்பார்கள். ஏழு வருடமாக இந்த நகைச்சுவை அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ரிட்டயர்டு தலைமையாசிரியை வந்த அன்றுதான் முதல்முறையாகப் படுத்துவிட்டது.

டீச்சருக்கு அறுபத்தேழு வயது. பக்கவாதத்தில் வலது கை துவண்டு தொங்கியது, வலது கால் லேசாக இழுத்தது. பேச்சுக்கு ஒரு கீறலும் விழவில்லை. கண்ணாடிச் சாமானைத் தூக்கி வருவதுபோல மகன் அவரைத் தோளோடு பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் வைத்தான். லிஃப்ட்காரர் தன் வழக்கமான வரியைச் சொன்னார். டீச்சர் சிரிக்கவில்லை. அவர் கண் கரும்பலகை மேல் இருந்தது.

"தம்பி, 'எச்சரிக்கை'க்குச் சின்ன ரி."

லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். 'கொதிக்கும் தண்ணீர், எச்சறிக்கை' என்று ஏழு வருடமாக அங்கே இருந்தது. அழித்துவிட்டு இடது கையால் திருத்தி எழுதினார்.

"இப்ப சரியா டீச்சர்?"

"இப்ப சரி. கையெழுத்துத்தான் சகிக்கல."

அவர் முன்னால் ஆணிப் பலகையையும் வெங்காயத்தையும் வைத்தார்கள். டீச்சர் அதைத் தொடவே இல்லை. "முப்பத்தஞ்சு வருஷம் பாடம் எடுத்தவ நான். ஒரு வெங்காயம் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்" என்றார். பக்கத்து மேசையில் இருந்த, கண் மங்கிய தையல்காரர் களுக்கென்று சிரித்தார். டீச்சர் திரும்பிப் பார்த்த பார்வையில் தையல்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. கண் மங்கியவருக்கே அந்தப் பார்வை தெரிந்திருக்கிறது.

மூன்று வகுப்பு இப்படியே போனது. மகன் கொண்டுவந்து விடுவான், டீச்சர் மற்றவர்களின் பிழைகளைத் திருத்துவார், மகன் வந்து கூட்டிப்போவான். நான்காவது வகுப்பில் லிஃப்ட்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டீச்சர், வெங்காயத்த விடுங்க. காபி, பூட்டு, பஸ்ஸு எல்லாத்தையும் விடுங்க. உங்களுக்கு என்ன வேணும்? அதச் சொல்லுங்க."

டீச்சர் துவண்ட வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தலைமையாசிரியையின் குரல் இல்லாமல், வேறு ஏதோ குரலில் சொன்னார்.

"தலமுடி."

இடுப்பு வரை நீண்ட கூந்தல், பாதிக்குமேல் நரைத்தது. ஐம்பது வருடமாகக் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தானே கொண்டை போட்டுக்கொண்டவர். அவிழ்ந்த தலையோடு அவரைப் பார்த்த ஆள் கிடையாது. இப்போது மருமகள் கட்டி விடுகிறாள். நல்ல பெண்தான், குறை சொல்ல முடியாது. அலுவலகம் கிளம்புகிற அவசரத்தில் மூட்டை கட்டுவதுபோல் சுருட்டி, பேத்தியின் பூப்போட்ட ரப்பரை மாட்டிவிடுவாள்.

"போன வாரம் பையன் சொல்றான், 'கிராப்பு மாதிரி வெட்டிடலாம்மா, எல்லாருக்கும் சுலபம்'னு. வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை முடி வெட்டற பொண்ணு வீட்டுக்கே வரப் போறா. எங்கிட்ட யாரும் கேக்கல தம்பி. சொன்னாங்க."

லிஃப்ட்காரர் தன் தலையைத் தடவிக்கொண்டார். அங்கே தடவுவதற்குத் தலைதான் இருந்தது.

"டீச்சர், உள்ளதச் சொல்றேன். இந்த விஷயம் எனக்குத் தெரியாது. எனக்கு இருக்கறதே நாலு முடி, அதுவும் காதுக்கு மேல. ஆனா ஒரு வாரம் டைம் குடுங்க."

வீட்டுக்கு வந்ததும் தரை துடைக்கிற மாப்பைத் தலைகீழாக நிறுத்தி, அதன் நூல்களை இடது கையால் முறுக்கிப் பார்த்தார். மருந்துக்கடையிலிருந்து வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"கொண்டை போடறேன்."

"மாப்புக்கா?"

விஷயத்தைச் சொன்னார். அவள் பையை இறக்கிவைத்தாள். "மாப்புக்குத் தலை வலிக்குமா, இழுத்தா கத்துமா? நகருங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்து தன் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். அவர் அவள் பின்னால் போய் நின்று, முடியை மெல்ல அள்ளினார்.

"ரெண்டு கையும் இருந்த காலத்துல ஒரு நாளாவது இப்படித் தொட்டிருப்பீங்களா?" என்றாள் அவள், திரும்பாமலே.

"அப்ப கையெல்லாம் கிரீஸா இருந்துச்சு."

"சாக்கப் பாரு."

சிறிது நேரத்திலேயே அவருக்கு ஒன்று புரிந்தது. இன்னொருவர் தலையில் போடுவது வேறு, தன் தலையில் தானே போட்டுக்கொள்வது வேறு. டீச்சருக்கு வேண்டியது இரண்டாவது. அதை அவர் செய்துபார்க்க முடியாது, அவரிடம் முடி இல்லை. முடி உள்ளவளிடம் இரண்டு கை இருந்தது.

"உன் வலது கைய கட்டிப் போடட்டுமா?" என்று கேட்டார்.

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலங்களில் அவள் வலது கையை ஒரு சால்வையால் உடம்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் எதிரில் ஸ்டூல் போட்டுக்கொண்டு, மோட்டாரைக் கவனிப்பதுபோல் கவனித்தார். முதல் நாள் முடியை ஒன்றாகச் சேர்க்கவே முடியவில்லை. இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் வழிந்தது. சேர்த்தால் முறுக்க முடியவில்லை. முறுக்கினால், கிளிப்பை எடுக்கக் கையை விட்ட உடனே பிரிந்துபோனது. அவளுக்கு முதலில் சிரிப்பு, பிறகு எரிச்சல். மூக்கில் விழுந்த முடியை ஒதுக்கக்கூட இன்னொரு கை இல்லை என்று தெரிந்தபோது, அவள் கையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இப்படியாங்க இருந்துச்சு உங்களுக்கு?"

"எப்படி?"

"இப்படி. ரெண்டு வருஷமும்."

அவர் எழுந்து வந்து அவள் மூக்கின் மேலிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். கேட்காமல் கை கொடுக்கக் கூடாது என்பது வகுப்புக்குத்தான், வீட்டுக்கு இல்லை.

மூன்றாம் நாள் வழி ஒன்று தென்பட்டது, அதுவும் அவள் கண்டுபிடித்தது. முடி முழுவதையும் இடது தோளின் மேல் முன்பக்கம் கொண்டுவந்து மடியில் போட்டுக்கொண்டாள். விளக்குத்திரி திரிப்பதுபோலத் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினாள். அது கயிறாக முறுக்கிக்கொண்டது. அதைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியில் சுற்றினால், முறுக்கின் வேகத்தில் தானாகவே சுருண்டு உட்கார்ந்தது. இனி கிளிப் எடுக்கிற வரைக்கும் அது பிரியாமல் இருக்க வேண்டும். தலையைச் சாய்த்துச் சுவரோடு அமுக்கினாள். சுண்ணாம்புச் சுவரில் கொண்டை வழுக்கி இறங்கியது.

"ரப்பர்" என்றார் லிஃப்ட்காரர்.

சாதாரண ரப்பர் போதாது. மெத்தென்றும் இருக்க வேண்டும், வழுக்கவும் கூடாது, முடியைப் பிய்க்கவும் கூடாது. அப்படி ஒன்று அவருக்குத் தெரியும். லிஃப்ட் கதவின் ஓரத்தில் வைக்கிற பட்டை. அது கிடைக்கும் இடமும் தெரியும். ஒன்பது வருடமாக அந்தத் தெருப் பக்கமே அவர் போனதில்லை.

மறுநாள் போனார். அவர் முன்பு வேலை பார்த்த லிஃப்ட் பட்டறையில் எண்ணெய் வாடை மாறவே இல்லை. உள்ளே குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், அன்றைக்கு மின்சாரத்தை நிறுத்த ஓடிய அதே கூட்டாளி. மருத்துவமனைக்கு ஒரே ஒருமுறை வந்தவன், வாசலோடு திரும்பிப் போனவன். நிமிர்ந்து பார்த்து, கையில் இருந்த ஸ்பேனரோடு அப்படியே நின்றான்.

"மச்சான், கதவு ரப்பர் ஒரு அடி வேணும்" என்றார் லிஃப்ட்காரர், நேற்றுத்தான் வந்துபோனவர்போல.

"எதுக்கு?"

"கொண்டை போட."

கூட்டாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமலே உள்ளே போய், ஒரு அடிக்குப் பதில் ஒரு சுருளையே தூக்கிவந்தான். அதைத் தோளில் மாட்டிவிட வந்தவன், மாட்டிவிட்ட பிறகும் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் இன்னும் கொஞ்சம் வேகமா ஓடியிருக்கணும்டா" என்றான்.

"நீ ஓடினதுனாலதான்டா முழங்கை இருக்கு. தோளோட போயிருக்கும். டீ சொல்லு."

டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள். கிளம்பும்போது கூட்டாளி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாமா என்று கேட்டான். வரலாம், ஆனால் உன்னையும் கையைக் கட்டி உட்காரவைப்பேன் என்றார் இவர்.

கேட்ட ஒரு வாரம் முடிந்து வந்த வகுப்புக்கு முன்பே போய், சமையல் மேசைக்குப் பக்கத்துச் சுவரில், உட்கார்ந்தால் பிடரி படுகிற உயரத்தில், ரப்பரை நாலு விரல் அகலத்துக்கு ஒட்டினார். பெரிய பல் கிளிப் ஒன்றைப் பிரித்து அதன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி, பலவீனமான கட்டைவிரலும் திறக்கும்படி இளக்கிவைத்திருந்தார். அன்று ஆண்கள் எல்லோரையும் பேருந்துப் படிப் பக்கம் அனுப்பி, நடுவில் ஒரு திரையையும் கட்டினார். டீச்சர் அதைக் கவனித்தார்.

செய்முறையைச் சொல்லிக்கொடுக்க லிஃப்ட்காரரின் மனைவி கடைக்கு அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு ஒருமுறை செய்துகாட்டினாள். பிறகு டீச்சர் முறை.

முதல் தடவை முடி மடியிலிருந்து நழுவியது. இரண்டாவது தடவை, பாதி முறுக்கில் கை களைத்துவிட்டது. நான்காவது தடவை கொண்டை உட்கார்ந்தது, கிளிப் கைதவறித் தரையில் விழுந்தது. ஆறாவது தடவை டீச்சரே கிளிப்பைத் தூக்கி எறிந்தார். அது திரையைத் தாண்டிப் போய்த் தையல்காரர் காலடியில் விழுந்தது. "இங்க ஏதோ வந்துச்சு" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

லிஃப்ட்காரர் திரைக்கு வெளியே நின்றபடி கிளிப்பை உள்ளே நீட்டினார்.

"என்ன, சும்மா நிக்கறீங்க?" என்றார் டீச்சர். மூச்சு வாங்கியது.

"நீங்க கேக்கலயே."

"கேக்க மாட்டேன்."

"அப்ப நிக்கறேன்."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. இரண்டு எட்டு எடுத்துவைத்தால் அந்தக் கிளிப்பைத் தானே மாட்டிவிடலாம். மாட்டக் கூடாது என்பதால் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பதாவது தடவை டீச்சர் ரப்பரில் தலையைச் சாய்த்தார், மேசையிலிருந்த கிளிப்பை எடுத்தார், கண்ணை மூடிக்கொண்டு பின்னால் கொண்டுபோனார். 'டக்'கென்று ஒரு சத்தம். மெல்லத் தலையை முன்னால் எடுத்தார். கொண்டை வந்தது. இடது பக்கம் சாய்ந்து, காதோரம் இரண்டு கற்றை தப்பி, ஆனால் வந்தது.

மனைவி கண்ணாடியை நீட்டினாள். டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கோணல்" என்றார்.

"ஆமாம்மா, கொஞ்சம்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பரவால்ல. என்னோட கோணல்."

திரைக்கு அந்தப்பக்கம் யாரோ கை தட்ட, பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததை டீச்சரே திங்கட்கிழமை வகுப்பில் சொன்னார், வரிசைக்கிரமமாக, வருகைப்பதிவு எடுப்பதுபோல. முடிவெட்டும் பெண் கத்தரிக்கோலோடு வந்தாள். மகன் நாற்காலியை வெளிச்சத்தில் போட்டான். டீச்சர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நிமிடம் ஆயிற்று. "அம்மா, என்னம்மா பண்றே? விழுந்துடாதே, நான் வரட்டுமா?" என்று மகன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். கதவு திறந்தபோது, அவன் சின்ன வயசிலிருந்து பார்த்த அம்மா அங்கே நின்றார். மருமகள்தான் முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டாளாம். "எனக்குச் சொல்லிக் குடுங்க அத்தை, காலைல எனக்கே நேரம் பத்தல" என்றாளாம்.

"அப்ப வெட்டலயா டீச்சர்?" என்று தையல்காரர் கேட்டார்.

"ஒரு சாண் வெட்டினேன். நான் சொல்லித்தான் வெட்டினா. அவ்வளவு நீளம் எனக்கு உருட்ட முடியல, நுனி தொடையத் தாண்டிப் போகுது. அதுக்காக வெட்டினேன். இவன் சொன்னதுக்காக இல்ல."

வாசலில் நின்றிருந்த மகன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அன்று அவன் அம்மாவைத் தோளோடு பிடித்து உட்காரவைக்கவில்லை. பக்கத்தில் நடந்துவந்தான், அவ்வளவுதான். கிளம்பும்போது லிஃப்ட்காரரிடம், "எங்க வீட்டுச் சுவத்துக்கும் ஒரு ரப்பர் வேணும் சார். இப்ப அம்மா கதவுல சாஞ்சுக்கறாங்க, கதவு திறந்துக்குது" என்றான். மறுநாளே லிஃப்ட்காரர் போய் ஒட்டிக்கொடுத்தார். தன் உயரத்துக்கும் ஒன்று கீழே வேண்டும் என்று பேத்தி அடம்பிடித்ததால் இரண்டாக ஒட்டினார்.

டீச்சர் இப்போதும் வாரம் மூன்று நாள் வருகிறார். கொண்டை ஏழு நிமிடத்துக்கு வந்துவிட்டது. இப்போது அவருக்கு வேறொன்று வேண்டுமாம். காலை இழுத்துக்கொண்டு, ஒரே கையால், நிரம்பிய காபிக் கோப்பையைத் தளும்பாமல் சமையலறையிலிருந்து பால்கனி வரைக்கும் கொண்டுபோய், அங்கே தனியாக உட்கார்ந்து குடிக்க வேண்டும். பாதிக் கோப்பை கொண்டுபோகலாமே என்று லிஃப்ட்காரர் சொல்லிப் பார்த்தார். "பாதிக் காபி குடிக்கறதுக்கு நான் எதுக்குப் பால்கனி வரைக்கும் நடக்கணும்?" என்று திருப்பிக் கேட்டார் டீச்சர்.

இன்னும் வழி கிடைக்கவில்லை. மூடி போட்ட கோப்பை டீச்சருக்குப் பிடிக்கவில்லை, அது குழந்தைகள் குடிப்பதாம். சக்கரம் வைத்த தட்டு, கதவு நிலையில் முட்டி நின்றுவிட்டது. கூட்டாளி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, லிஃப்ட் பெட்டி ஆடாமல் தொங்குவதுபோல மூன்று சங்கிலியில் ஒரு தட்டைத் தொங்கவிடலாம் என்று படம் போட்டுக்கொண்டிருக்கிறான். லிஃப்ட்காரரின் மனைவி வலது கையைக் கட்டிக்கொண்டு, வலது காலை இழுத்துக்கொண்டு, கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் காபியோடு நடக்கிறாள். தரையெல்லாம் காபி. "மெதுவா, மெதுவா" என்று இரண்டு ஆண்களும் பின்னாலேயே போகிறார்கள்.